பிடித்துக்கொண்டவர் என்ற கட்டம்

நான்கு பேனா வாங்கி வைத்திருந்தார். இரண்டு நீலம், ஒன்று கறுப்பு, ஒன்று ஜெல் பேனா. பக்கத்தில் ஒரு தட்டில் மிளகாய் பஜ்ஜி.

"உட்காருங்கம்மா. மத்தியானம் கேஸ் எதுவும் போடல. நிதானமா ஃபில் பண்ணுங்க" என்றார் எங்கள் முதலாளி டாக்டர்.

என் கோபம் அந்தப் பஜ்ஜியில்தான் ஆரம்பித்தது. நான் எக்ஸ்ரே எடுக்கும் தொழிலில் இருக்கிறேன். பதினான்கு வருடமாக தியாகராய நகரில், பாண்டி பஜாருக்குப் பின்சந்தில், ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் இவருடைய ஸ்கேன் சென்டரில் வேலை. இத்தனை வருடத்தில் அவர் எனக்குப் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தது நான்கு முறையோ ஐந்து முறையோதான். ஒவ்வொரு முறையும் இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தின நாள்.

பேனா ஏன் நான்கு என்று வெளியாட்களுக்குப் புரியாது. எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். எக்ஸ்ரே அறைக்கு ஒரு பதிவேடு உண்டு. அன்றன்றைக்கு எழுத வேண்டியது. யார் எழுதுகிறார்கள்? ஆள் வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஒரே மத்தியானத்தில் உட்கார்ந்து ஒரு வருடத்தை எழுதி முடிப்போம். ஒரே மையில் இருந்தால் மாட்டிக்கொள்வோம், அதனால் ஜனவரிக்கு நீலம், பிப்ரவரி பாதியிலிருந்து கறுப்பு, தமிழ் வருடப் பிறப்பு லீவுக்குப் பிறகு ஜெல் என்று மாற்றி மாற்றிப் போடுவோம். பக்கத்து மூலையை ஈரக்கையால் தடவி மடக்கிவிட்டால் பழசு மாதிரி ஆகிவிடும். ஒரு முறை நானே டீ டம்ளரைப் பக்கத்தின்மேல் வைத்து வட்டக்கறை போட்டேன். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "பலே ஆளும்மா நீங்க" என்று சிரித்தார். நானும் பெருமையாகச் சிரித்தேன். இப்போது நினைத்தால் என்னையே நாலு சாத்து சாத்த வேண்டும் போல் இருக்கிறது.

ஆனால் இந்த முறை ஒரு வருடத்துச் சமாசாரம் இல்லை. கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளைப் புதுப்பித்துவிட்டார்கள். இனி காகிதம் கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டரில். எக்ஸ்ரே அறைக்குள் நிற்கிற ஒவ்வொருவருக்கும் தனி எண், அந்த எண்ணுக்குக் கீழே அவர் ஆயுசுக்கும் வாங்கிய கதிர்வீச்சின் அளவு. பழைய பதிவேடுகளையும் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். கடைசியில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த அலுவலர் வேறு யாருமில்லை, நான்தான். ஒரு பரீட்சை எழுத வைத்து, சுவரில் என் பெயரை போர்டில் எழுதி மாட்டி, அதற்குமேல் ஒரு பிளாஸ்டிக் மாலையும் போட்டிருந்தார்கள். செத்தவர் படத்துக்குப் போடுகிற மாதிரி இருக்கிறது, எடுங்கள் என்று நான்தான் சண்டை போட்டுக் கழற்றினேன்.

விதியை நான் குறை சொல்லமாட்டேன். நல்ல விதி. இருபது வருடத்துக்கு முன்னாலேயே வந்திருக்க வேண்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அதைப் படித்துவிட்டு முதல் வேலையாகப் பேனா வாங்கப் போன மனுஷன்மேல். வாங்கி வந்ததும் கையை நீட்டி வாங்கிக்கொண்ட என்மேல்.

"மத்த கட்டமெல்லாம் உங்க இஷ்டம்மா. அந்தக் கடைசிக் கட்டம் மட்டும் எல்லாத்துலயும் 'மதர்'னு போட்டுடுங்க" என்றார்.

மற்றதை நிரப்பினாலும் கடைசிக் கட்டத்தை மட்டும் எல்லா வருடமும் காலியாகவே விட்டிருந்தோம். அதன் தலைப்பு ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். தமிழில் சொன்னால், 'பிடித்துக்கொண்டவர்'. பெரியவர்களுக்கு எக்ஸ்ரே எடுக்கும்போது மூச்சை அடக்கு என்றால் அடக்குவார்கள். ஒரு வயசுக் குழந்தை அடக்குமா? கை கால் உதறும், முதுகை வில்லாக வளைக்கும், வீல் என்று கத்தும். யாராவது உள்ளே நின்று இறுக்கிப் பிடித்தால்தான் படம் விழும். பிடிக்கிறவர்மேலும் கொஞ்சம் கதிர்வீச்சு படும். அதனால் பெற்றவர்களில் ஒருவருக்கு ஈயக் கவசம் மாட்டிப் பிடிக்கச் சொல்ல வேண்டும், அதுவும் அந்த ஒரு தடவைதான் என்பது விதி. ஒரே ஆள் தினமும் பிடிக்கக் கூடாது. யார் பிடித்தார் என்று அந்தக் கட்டத்தில் எழுதியாக வேண்டும்.

எங்கள் சென்டரில் பதினோரு வருடம் பிடித்தவள் ஒருத்திதான். எங்கள் ஆயா.

ஆயா என்றதும் கிழவி என்று நினைத்துவிடாதீர்கள். என்னைவிட மூன்று வயது சின்னவள். அடையாற்றங்கரையில் குடிசை. அதை இடித்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்குத் துரத்தின பிறகும் இரண்டு பஸ் மாறி எட்டரை மணிக்கு எனக்கு முன்னால் வந்து நின்றாள். தரை துடைக்க, டாய்லெட் கழுவ என்றுதான் வேலைக்கு எடுத்தார்கள். வந்த இரண்டாம் வாரமே ஒரு குழந்தையின் அம்மா, தான் முழுகாமல் இருப்பதாகச் சொல்லிப் பின்வாங்கினாள். அப்பாக்காரன் கீழே வண்டியை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தான். ஆயா துடைப்பத்தைச் சாத்திவிட்டு வந்து, "குடு மா, நா புடிக்கிறேன்" என்று குழந்தையை வாங்கினாள். அது அழுகையை நிறுத்திவிட்டு அவள் மூக்குத்தியைப் பிடித்துக்கொண்டது. ஒரே ஷாட். படம் கண்ணாடி மாதிரி விழுந்தது.

மாதாவே, அந்த ஒரு படம்தான் எங்களைக் கெடுத்தது. அன்றிலிருந்து குழந்தை என்றால் ஆயா. பெற்றவர்கள் இரண்டு பேரும் வந்திருந்தாலும் ஆயா. அவர்களுக்கு விளக்கம் சொல்லி, கவசம் மாட்டி, அவர்கள் பதறி, படம் கலைந்து, மறுபடி எடுத்து... எதற்கு இந்தத் தொல்லை? வெளியே பத்துப் பேர் டோக்கனோடு உட்கார்ந்திருக்கிறார்கள். "ஆயா, வா, பிடி" என்று நான் ஒரு குரல் கொடுத்தால் வேலை முடிந்தது.

அவள் மாட்டிக்கொள்ளும் கவசத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது கனமான ரப்பர் அங்கி, உள்ளே ஈயம். அதைத் தொங்கத்தான் விட வேண்டும், மடிக்கவே கூடாது. மடித்தால் உள்ளே ஈயம் விரிசல் விடும். ஆயாவுக்கு அது தெரியாது. அவள் சுத்தக்காரி. வேலை முடிந்து போகும்போது அந்த அங்கியைத் துடைத்து, பட்டுப்புடவை மாதிரி நான்காக மடித்து, நாற்காலிமேல் வைத்துவிட்டுப் போவாள். நான் பார்ப்பேன். ஆணி அடித்துத் தரச் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். அப்புறம் என் பஸ்ஸை நினைப்பேன். அவ்வளவுதான்.

எங்களுக்கெல்லாம் ஒரு பேட்ஜ் உண்டு. தீப்பெட்டி அளவு, சட்டையில் குத்திக்கொள்வது. உடம்பில் பட்ட கதிர்வீச்சை அது பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதை ஆய்வகத்துக்கு அனுப்பினால் அளவைச் சொல்லுவார்கள். எத்தனையோ சென்டர்களில் அதை மேஜை டிராயரிலேயே பூட்டி வைத்து, டிராயரிலிருந்தே அனுப்புவார்கள். டிராயருக்கு என்ன கதிர்வீச்சு படும்? பூஜ்யம்தான் வரும். எல்லோருக்கும் நிம்மதி. நான் அப்படிச் செய்ததில்லை, குத்திக்கொள்வேன். அதில் எனக்கு ரொம்பத்தான் கர்வம்.

ஆயாவுக்குப் பேட்ஜ் கிடையாது. அவள் கூட்டிப் பெருக்குகிறவள் அல்லவா, பெருக்குகிறவளுக்கு எதற்குப் பேட்ஜ்?

அவள் சேர்ந்து ஐந்தாறு வருடம் கழித்து ஒரு மழைக்காலம். காய்ச்சலும் சளியுமாகக் குழந்தைகள் வந்துகொண்டே இருந்தன. ஒரே நாளில் ஏழு குழந்தைகளை அவள் பிடித்தாள். எனக்கு என்னவோ செய்தது. என் பேட்ஜைக் கழற்றி அவள் ரவிக்கையில், கவசத்துக்கு உள்ளே இருக்கும்படி குத்திவிட்டேன்.

"இன்னா மா இது?"

"உள்ள எவ்வளவு படுதுன்னு பாக்கறதுக்கு. தினமும் காலையில குத்திக்கோ. போகும்போது என்கிட்ட குடுத்துடு."

அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம். காலையில் வந்ததும் என் மேஜை முன்னால் வந்து நிற்பாள், நான் குத்திவிட வேண்டும். மூன்று மாதம் ஒரு நாள் தவறாமல் அவள்தான் அணிந்தாள். நான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பேட்ஜ் இல்லாமலே நின்றேன்.

அளவு வந்தது. ஏன் இவ்வளவு வந்தது என்று விளக்கம் கேட்கிற அளவு. என் பெயருக்கு வந்திருந்தது, ஏனென்றால் பேட்ஜ் என்னுடையது.

கவசத்தை எடுத்து மேஜைமேல் விரித்து அதையே ஒரு எக்ஸ்ரே எடுத்தேன். நல்ல கவசம் முழுக்க வெள்ளையாக விழ வேண்டும். இது மடித்த இடமெல்லாம் கறுப்புக் கறுப்பாகக் கோடு விழுந்திருந்தது, சரியாக நெஞ்சுக்கு நடுவில் ஒன்று. படத்தை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "அடடா, மாத்திடலாம்மா" என்றார். மாற்றினார், ஒன்றரை வருடம் கழித்து, அடுத்த இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தின வாரம்.

விளக்கக் கடிதத்துக்கு அவர் ரொம்ப யோசிக்கவில்லை. "எல்லாரும் எழுதறதுதான்மா. பேட்ஜைத் தவறுதலா ரூம்லயே விட்டுட்டேன்னு எழுதுங்க. ஏத்துப்பாங்க." எழுதினேன். அழகான கையெழுத்தில், பணிவன்புடன் என்று முடித்து எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள். அந்த மூன்று மாதம் என் பெயருக்கு நேரே பூஜ்யம் ஆயிற்று. மறுநாள் காலை ஆயா என் மேஜை முன்னால் வந்து நின்றபோது பேட்ஜ் என் கோட்டில் குத்தியிருந்தது. அவள் அதை ஒரு தரம் பார்த்தாள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள். அன்று மத்தியானமே, "ஆயா, வா, பிடி" என்றேன்.

நான் மயிலாப்பூரில் கோயிலுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவள். கோயில் என்றால் எங்களுக்கு மாதா கோயில். ஈஸ்டருக்கு முன்னால் தபசு காலம் வந்தால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு முட்டி போடத் தவறியதில்லை. மருமகளைத் திட்டினேன் சாமி, பூசையில் தூங்கினேன் சாமி என்று மெனக்கெட்டுப் பொறுக்கியெடுத்துச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கடிதத்தை ஒரு வருடம்கூடச் சொன்னதில்லை. இது பாவம் என்றே எனக்குத் தோன்றவில்லை, ஆபீஸ் விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் ஆயா வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, சும்மா இடித்துக்கொண்டாலே நீலம் பாரிக்கிறது என்றாள். அதற்கப்புறம் நான் அவளைப் பார்த்தது, இந்தப் பேனா விவகாரத்துக்கு இரண்டு நாள் முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை. மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்திருந்தாள். பாதி ஆளாகியிருந்தாள். கையில் ஒரு சீட்டு.

"ராயப்பேட்டைல பஸ்ஸு ஏறி வந்தேன் மா. ஆஸ்பத்திரில ரத்தம் ஊற மாட்டேங்குதுன்னு சொல்றாங்கோ. நீ இன்னா வேலை செஞ்சேன்னு டாக்டரு கேட்டாரு. எக்ஸ்ரே ரூமுல கொயந்த புடிப்பேன் சார்னேன். உடனே எய்திக் குட்த்துட்டாரு. உன்கைல குடுக்கச் சொன்னாரு."

சீட்டில் அந்த அரசு ஆஸ்பத்திரி டாக்டர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: இவர் எத்தனை வருடம் கதிர்வீச்சு அறைக்குள் வேலை செய்தார், எவ்வளவு அளவு வாங்கினார், பதிவு இருந்தால் தரவும். பதிவு இருந்தால், இது வேலையால் வந்த நோயாக இருக்கலாமா என்று மேலே கேட்டு எழுத முடியும். அதனால்தான் வந்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, எனக்கும் அது தெரியும். ஆனால் பதிவு இல்லையென்றால் கேட்கக்கூட முடியாது. கேள்வியே அவள் வாசலோடு முடிந்துவிடும்.

சீட்டை எடுத்துப்போய் எங்கள் டாக்டரிடம் காட்டினேன். படித்தார். "பாவம்" என்றார். "பாக்கலாம்மா" என்றார். அது செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை பேனாவும் பஜ்ஜியும் வந்தன.

அதனால்தான் சொல்கிறேன். அவர் தெரியாமல் செய்யவில்லை. சீட்டைப் படித்த பிறகு செய்தார். எல்லாக் கட்டத்திலும் 'மதர்' என்று விழுந்துவிட்டால் பதினோரு வருடமும் ஒரு ஆயா அந்த அறைக்குள் கால் வைக்கவே இல்லை என்றாகிவிடும். நான் அதில் கையெழுத்துப் போட்டு ஏற்றிவிட்டால், பிறகு மாற்ற முடியாது.

"டாக்டர், ஆயாவுக்கு என்ன பதில் சொல்றது?" என்றேன்.

"அவங்க ஹவுஸ்கீப்பிங்மா. ரேடியேஷன் ஸ்டாஃப் லிஸ்ட்லயே இல்ல. இல்லாதவங்களுக்கு எப்படி ரெக்கார்டு குடுக்கறது?"

"லிஸ்ட்ல இல்லாதவளை உள்ள போய் நில்லுன்னு சொன்னோமே, அப்ப லிஸ்ட் எங்க போச்சு?"

"சொன்னோம்னு சொல்லாதீங்கம்மா." குரலை உயர்த்தவே இல்லை அவர். அந்த மனுஷனுக்குக் குரலே உயராது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "நான் ஒரு நாளும் அவங்களைக் கூப்பிட்டதில்ல. என் ரூம் வரைக்கும் உங்க குரல்தான் கேக்கும். 'ஆயா, வா, பிடி'னு. பாதுகாப்பு அலுவலர் நீங்க. லெட்டர் எழுதினதும் நீங்க. யோசிச்சுப் பாருங்க, இதுல முதல்ல மாட்டறது யாரு?"

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அயோக்கியத்தனமான உண்மை, ஆனால் உண்மை. தட்டைத் தள்ளினேன். ஒரு பஜ்ஜி உருண்டு பதிவேட்டின்மேல் விழுந்து எண்ணெய் ஊறியது. நல்லது, இந்த முறை கறை தானாகவே விழுந்தது.

கறுப்புப் பேனா ஒன்றை மட்டும் எடுத்தேன். கட்டம் கட்டமாக எதையும் நிரப்பவில்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பி எழுத ஆரம்பித்தேன். கடைசிக் கட்டங்கள் காலியாக இருப்பது என் தவறு. பதினோரு வருடம் குழந்தைகளைப் பிடித்தவர் ஒரே ஒருவர், அவருக்குப் பேட்ஜ் தரப்படவில்லை. ஒரு மழைக்காலத்தில் மூன்று மாதம் என் பேட்ஜை அணிந்தவர் அவர்தான். அப்போது வந்த அளவு அவருடையது, என்னுடையது அல்ல. அவர் அணிந்திருந்த கவசம் விரிசல் விட்டிருந்தது. பேட்ஜை அறையில் விட்டுவிட்டதாக நான் எழுதிய கடிதம் பொய். பிடித்தவர் பெயர் என்று எழுதிவிட்டு நிறுத்தினேன்.

எனக்கு அவள் பெயர் தெரியவில்லை.

ஏதோ ஒரு பெயர் சொல்லிச் சேர்ந்தாள், ஞாபகமில்லை. என் போனில்கூட 'ஆயா ஸ்கேன்' என்றுதான் இருந்தது. வெட்கத்தை விட்டு அந்த எண்ணைக் கூப்பிட்டேன்.

"உன் பேர் என்ன? முழுசா சொல்லு. இனிஷியலோட."

"இன்னாத்துக்கு மா? வூட்ல கூப்புட்றதா, ரேஷன் கார்டுல கீறதா?"

"கார்டுல இருக்கிறது."

சொன்னாள். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, நான் தப்பாக எழுதிவிடுவேனோ என்ற பயத்தோடு சொன்னாள். எழுதினேன். டாக்டர் எதிரிலேயே ஸ்கேன் செய்து, ஏற்றி, என் கையெழுத்தைப் போட்டேன். அவர் மீதி மூன்று பேனாவை எடுத்துத் தன் டிராயரில் போட்டுக்கொண்டார். அடுத்து வரப்போகிறவளுக்கு ஆகும் என்று நினைத்திருப்பார்.

சனிக்கிழமை அந்தப் பக்கத்தின் பிரதியை எடுத்துக்கொண்டு ஆயாவோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பழைய அளவு வந்த தாளையும் எடுத்துப் போயிருந்தேன், பூஜ்யம் ஆவதற்கு முன்னால் வந்தது. அந்த டாக்டருக்கு முப்பது வயது இருக்கும். வெளியே அத்தனை கூட்டம் நின்றும் இரண்டையும் முழுக்கப் படித்தார். கேஸ் ஷீட்டில் எழுத ஆரம்பித்தார். பிறகு ஆயாவைப் பார்த்தார்.

"மூணு மாசம் பேட்ஜ் போட்டிருக்கீங்க. அதுக்கப்புறம் ஏன் போடல?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஆயா முந்திக்கொண்டாள். "தொலைஞ்சி பூட்ச்சி சார். நாந்தான் எங்கியோ வுட்டுட்டேன். இந்தம்மா மேல தப்பு இல்ல."

சொல்லும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. என் கோட்டில் குத்தியிருந்ததைப் பார்த்த அதே பார்வையோடு மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் அத்தனை வருடமும் உள்ளே போய்ப் பிடித்திருக்கிறாள்.

"சும்மா இரு!" என்று கத்திவிட்டேன். வரிசையில் நின்றவர்களெல்லாம் திரும்பினார்கள். "தொலையல சார். பேட்ஜ்ல அதிகமா வந்துச்சு. அதனால நான் அவகிட்டேயிருந்து கழட்டிட்டேன்."

டாக்டரின் பேனா நின்றது.

"அதையும் எழுதுங்க" என்றேன்.

எழுதினார்.